சிறு திருத்தமும் பெரும் பங்கே

2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையையும் சிதைத்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய திறந்தமூல மென்பொருள் ‘சகானா’. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் அது கைகொடுத்தது. நிரல் எழுதத் தெரியாதவருக்கு இத்தகைய திறந்தமூல முயற்சியில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பிழை எப்படி நேர்ந்தது என்று தெளிவாக எழுதி அறிவிப்பவரும், திரையிலுள்ள சொற்களைத் தமிழாக்குபவரும், எவரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் தம் ஊர்க் குளத்தையும் ஒழுங்கையையும் குறிப்பவரும் இல்லாமல், நிரல் மட்டும் மக்களுக்குப் பயன்படாது. ஆங்கிலம் போதாது என்ற தயக்கமும் தேவையில்லை. தமிழாக்கத்துக்கு நல்ல தமிழே முதல் தகுதி. கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகளே, நீங்கள் நாளும் பயன்படுத்தும் ஒரு திறந்தமூல மென்பொருளைத் தேர்ந்து, இந்த வாரமே அதில் ஒரு சிறு பிழையைத் திருத்துங்கள்.