பதக்கமும் பாதையும்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், வருவோர்க்கெல்லாம் வழிகாட்டிகள் தவறாமல் காட்டும் சிற்பம் ஒன்றுண்டு. காளையும் யானையும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டுக்கும் தலை ஒன்றே. ஓர் உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும். மற்றதை மறைத்தால் யானை தெரியும். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் இராசராசன் எழுப்பிய கோயிலில் அதைச் செதுக்கிய கைக்கு என்ன பரிசு கிடைத்ததென்று நமக்குத் தெரியாது. ஆயினும், அறிஞர்க்கு வழங்கப்படும் விருதுகளைப் பற்றி எண்ணும்போது, குறிப்பாக ஒரு விருதைப் பற்றி எண்ணும்போது, அந்த ஒற்றைத் தலை என் நினைவுக்கு வந்துவிடுகிறது.

குழந்தையின் உள்ளம் எவ்வாறு வளர்கிறது என்பதை ஆராயும் துறைக்கு வளர்ச்சி உளவியல் என்று பெயர். அத்துறையின் போக்கையே மாற்றியவர்களுள் ஒருவர், அமெரிக்க விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரி ஹார்லோ. அமெரிக்க அரசு விஞ்ஞானிகளுக்கு வழங்கும் உயர் மதிப்பான தேசிய அறிவியல் பதக்கம் 1967ஆம் ஆண்டுக்கு அவருக்கு அளிக்கப்பட்டது. அமெரிக்க உளவியல் அறநிதியத்தின் தங்கப் பதக்கமும் 1973இல் அவரைத் தேடி வந்தது. எதற்காக? அன்பு என்பது பாலுக்காக ஏற்படும் பழக்கமன்று என்று மெய்ப்பித்தமைக்காக.

இதற்கு ஒரு மெய்ப்பு வேண்டுமா என்று நம் தாய்மார் கேட்கக்கூடும். தாராசுரத்துப் பட்டு நெசவாளர் வீடுகளில், தறி நிற்கும் கூடத்திலேயே பழஞ்சேலைத் தூளி தொங்கும். தார் சுற்றும் பெண் ஒரு கையால் இராட்டையையும் மறுகையால் தூளியையும் ஆட்டிக்கொண்டிருப்பாள். பால் குடித்த பிறகும் பிள்ளை ஏன் அழுகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் அறிவு அவள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. அமெரிக்க உளவியலார் ஜான் வாட்சன் 1928இல் எழுதிய நூலில், பிள்ளையை அணைத்து முத்தமிடாதீர்கள், காலையில் கை குலுக்குங்கள் போதும் என்று பெற்றோர்க்கு அறிவுரை கூறினார். அதை அறிவியல் என்றே பலர் நம்பினர். மேலைநாட்டு மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தையைப் பார்க்கத் தாய்க்கு வாரத்தில் சில மணி நேரமே அனுமதி இருந்தது. எனவே, பாட்டிக்குத் தெரிந்ததைத்தானே இவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று ஏளனம் செய்வது எளிது, அது நேர்மையன்று. மருத்துவமனைக் கதவைத் திறக்கும் வலிமை பாட்டியின் சொல்லுக்கு இருந்ததில்லை.

ஹார்லோ செய்தது இது. பிறந்து சில மணி நேரமேயான குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தார். கூண்டில் இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று வெறுங்கம்பி வலையால் ஆனது. மற்றொன்று மெத்தென்ற துணி போர்த்தியது. பால்புட்டியைக் கம்பித் தாயிடம் வைத்தபோதும், குட்டி பாலை மட்டும் அங்கே குடித்துவிட்டு, நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைப் பற்றிக்கொண்டே கழித்தது. அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக 1958இல் அவர் நிகழ்த்திய பேருரை, அன்பின் இயல்பைப் பற்றியதாகவே அமைந்தது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. அக்குரங்குகள் நம் வடநாட்டுச் செம்முகக் குரங்கின் இனம். காவிரிக் கரையில் நம் ஓடுகளைப் பிரித்துப்போடும் நாட்டுக் குரங்கு வேறு. செம்முகக் குரங்குகள் பல்லாயிரக்கணக்கில் இந்தியாவிலிருந்து அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு விற்கப்பட்டன. மொரார்ஜி தேசாய் பிரதமராயிருந்த 1978இல்தான் அவ்வேற்றுமதி நின்றது. ஆகவே, இக்கதை எங்கோ நடந்த கதையென்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

துணித் தாயோடு ஹார்லோ நிற்கவில்லை. மூன்று மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று குட்டிகளைப் பிற உயிரின் முகமே காணாதபடி தனிச்சிறையில் அடைத்தார். வெளியே வந்த குட்டிகள் தம்மையே கட்டிக்கொண்டு ஆடின. தம் உடலைத் தாமே கடித்தன. இவை 1965இல் அறிக்கையாயின. பதக்கம் அதற்குப் பின்னரே வந்தது. தாயின்றி வளர்ந்த பெண் குரங்குகள் பின்னாளில் ஈன்றபோது, சில தம் குட்டிகளைப் புறக்கணித்தன, சில கொன்றன. பதக்கத்திற்குப் பிறகு, மனச்சோர்வை உண்டாக்கிப் பார்ப்பதற்கென்றே சாய்வான சுவர்களையுடைய ஆழ்ந்த கலம் ஒன்று செய்யப்பட்டது. நிராசைக் குழி என்னும் பொருள்படும் பெயரால் அது அழைக்கப்பட்டது. ஒன்றையும் சொல்லவேண்டும்: தனிமையில் சிதைந்த குரங்கோடு, இயல்பாய் வளர்ந்த இளங்குட்டியை விட்டால், அக்குட்டி ஓடிவந்து கட்டிக்கொள்ள, சிதைந்தது மெல்ல மெல்ல மீள்கிறது என்பதையும் அதே ஆய்வுக்கூடமே கண்டது.

இதில் அறச்சிக்கல் எங்கே இருக்கிறது? விலங்கை ஆய்வுக்குப் பயன்படுத்துவதே பாவம் என்று திருச்சபை கூறவில்லை. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், மனித உயிரைக் காக்கவும் பேணவும் உதவுமாயின், தகுந்த எல்லைக்குள் அதனை ஏற்கிறது. தேவையின்றி விலங்கை வதைப்பதோ மனித மாண்புக்கே இழுக்கு என்கிறது. எனவே கேள்வி ‘தேவை’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. கம்பித் தாயும் துணித் தாயும் வைத்து நடத்திய முதல் ஆய்வுக்காக வாதாடலாம் என்றே நான் கருதுகிறேன். அந்தக் குழிக்காக வாதாட என்னால் இயலவில்லை. அப்போது அவர் மெய்ப்பிக்க வேண்டியதைப் பெரும்பாலும் மெய்ப்பித்து முடித்திருந்தார்.

மேலும், அவருடைய வெற்றியே அவருக்கு எதிர்ச்சாட்சியாகிறது. குரங்குக் குட்டியின் ஏக்கமும் மனிதக் குழந்தையின் ஏக்கமும் ஒன்றல்ல என்றால், அந்த ஆய்வு குழந்தையைப் பற்றி நமக்கு எதையும் சொல்லாது. ஒன்றே என்றால், செய்தது என்னவென்று அவர் அறிந்தே செய்தார். தாராசுரத்துச் சிற்பத்தில் ஓர் உடலை மறைக்காமல் மற்றதைத் தனியே காண முடியாதது போல, பதக்கம் வழங்கியவர்களும் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டே மறுபக்கத்தைப் பார்த்தனர்.

வேறு வழி இருந்ததா என்பார்க்கு விடையாக மேரி எய்ன்ஸ்வர்த் நிற்கிறார். கணவரின் பணியை ஒட்டி உகாண்டாவுக்குச் சென்ற இவ்வம்மையார், 1954-55இல் கம்பாலாவை அடுத்த ஊர்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று அமர்ந்து, தாயும் சேயும் பழகுவதைப் பார்த்தார். பின்னர் பால்டிமோரில் மீண்டும் 26 குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டிலும் குழந்தையின் முதலாண்டில் ஏறத்தாழ 72 மணி நேரம், பார்த்ததை எழுதிக்கொண்டிருந்தார். தாய் அறையை விட்டு வெளியேறித் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று காணும் புகழ்பெற்ற சோதனை அங்கேதான் உருவாயிற்று. அதிலும் குழந்தை அழத்தான் செய்தது. இவரையும் குற்றமேயற்றவர் என்று உயர்த்த வேண்டியதில்லை. ஆனால் பிரிவு மூன்று நிமிடம். அழுகை மிகுந்தால் அதற்கு முன்பே தாயை உள்ளே அனுப்பிவிடுவர். 1989ஆம் ஆண்டுக்கு அமெரிக்க உளவியல் சங்கத்தின் சிறப்பு அறிவியல் பங்களிப்பு விருது அவருக்கும், அவருடைய நெடுநாள் தோழரான ஆங்கிலேய மருத்துவர் ஜான் போல்பிக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. போல்பி தம் கருத்துக்கு ஹார்லோவின் குரங்குகளையும் சான்றாகக் கொண்டார் என்பதை மறைப்பதற்கில்லை. நன்மையின் நீரோட்டத்தில் இரண்டு வாய்க்கால்களும் கலந்தேயிருக்கின்றன. மருத்துவமனையில் குழந்தையோடு தாய் தங்கலாம் என்று இன்று நாம் இயல்பாகக் கருதுவது அந்நீரில் விளைந்ததே. அதைப் பயன்படுத்தும் செவிலியர் எவரும் குற்றவாளி ஆகார்.

அறிவு கிடைத்துவிட்டது, அதைத் திருப்பியனுப்ப முடியாது. 1981இல் மறைந்தவரின் பதக்கத்தைப் பறிக்கவேண்டும் என்பதும் என் கருத்தன்று. ஆனால் அறிவைப் பயன்படுத்துவது வேறு, அதனை அடைந்தவரை மேடையேற்றிப் பெருமைப்படுத்துவது வேறு. விளைச்சலை உண்பவன், உழவன் அண்டை வயலின் மடையை உடைத்து நீர் பாய்ச்சினானா என்று கேட்கத் தேவையில்லாமல் போகலாம். சிறந்த உழவன் என்று அவனுக்குப் பொன்னாடை போர்த்தும் பஞ்சாயத்து கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், அடுத்த ஆண்டு மடைகள் என்னாகும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியாததன்று.

இது நமக்குத் தொலைவான செய்தியும் அன்று. நம் துறவற சபைகளும் பங்குகளும் நடத்தும் குழந்தைகள் இல்லங்களுக்கு, பட்ட ஆய்வுக்காக மாணவர்கள் வினாத்தாளோடு வருகிறார்கள். பெரும்பாலோர் நல்ல பிள்ளைகள்; காப்பாளர் கடிதம் பெற்று, வரிசையாகக் குழந்தைகளை உட்காரவைத்து, தந்தை குடிப்பவரா, தாய் எப்போது இறந்தார், இரவில் அழுவதுண்டா என்று கேட்டுக் கட்டங்களில் குறியிட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டுப் பிள்ளையிடம் இப்படிக் கேட்டால், பெற்றவள் குறுக்கே நிற்பாள். இல்லத்துப் பிள்ளைக்கு அப்படி நிற்பவர் யார்? தேசிய அளவிலான மருத்துவ ஆய்வு நெறிமுறைகள், ஏழு வயதைக் கடந்த குழந்தையின் இசைவையும் கேட்கச் சொல்கின்றன. அது கேட்கப்படுகிறதா என்று காப்பாளர் கேட்கலாம். கேள்வி கேட்ட அன்று இரவு அந்தப் பிள்ளை அழுதால் யாரை அழைப்பது என்றும் கேட்கலாம். சிறந்த ஆய்வேட்டுக்குப் பரிசு வழங்கும் நம் கல்லூரிகள், முடிவுகளைப் படிப்பதற்கு முன்பாக, அம்முடிவுகள் எவ்வாறு பெறப்பட்டன என்னும் அதிகாரத்தை முதலில் புரட்டலாம். அதற்குத் தனி மதிப்பெண் வைப்பதில் யாருக்கும் செலவில்லை.