விடுபட்ட பெயர்

தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஓர் இளம் தாயை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய மகள் தனியார் பள்ளி ஒன்றில் முதல் வகுப்பில் படிக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஆறு வயது நிறைகிறது. பிறந்தநாள் விருந்துக்கு யாரையெல்லாம் அழைக்கலாம் என்று தாய் கேட்கிறார். குழந்தை சற்றும் தயங்காமல், ஆசிரியை வருகைப் பதிவேட்டைப் படிக்கும் அதே வரிசையில், வகுப்பின் 40 பெயர்களையும் சொல்லி முடிக்கிறாள்.

தாய் சிரிக்கிறார். பிறகு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு 12 பெயர்களை எழுதுகிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தை அந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கிறாள்.

“என் பக்கத்தில் உட்காருபவளின் பெயரை எழுதவில்லையே, அம்மா?”

அந்தப் பெண்ணின் தந்தை, அதே குடியிருப்பின் வாயிலில் வேப்பமரத்தடியில் துணிகளுக்கு இஸ்திரி போடுபவர். தாய் ஒரு கணம் தயங்கிவிட்டு, “அவளால் வர முடியாது, கண்ணே” என்கிறார்.

வர முடியாது என்று சொன்னது யார்? அந்தப் பெண்ணை யாரும் கேட்கவே இல்லை. இத்தாய் கொடியவர் அல்லர். பொய் பேசும் இயல்புடையவரும் அல்லர். குழந்தையின் ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாமல், உண்மையல்லாத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. மனம் எங்கே உண்மையிலிருந்து விலகுகிறதோ, அங்கே நின்று ஆராய வேண்டியது சாதகனின் கடமை. பிறந்தநாள் அழைப்பு சிறிய விஷயம்தான். ஆனால் இல்லறத்தாருக்குத் தர்மசங்கடங்கள் பெரும்பாலும் இத்தகைய சிறிய வடிவிலேயே வருகின்றன.

உரிமையும் அதன் எல்லையும்

முதலில் தாயின் தரப்பைக் கேட்பது நியாயம். வீடு அவருடையது, செலவும் அவருடையது. தம் இல்லத்திற்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. எல்லோரிடமும் ஒரே அளவு நெருக்கம் கொள்வது மனித இயல்பும் அன்று. ஆன்மிக நூல்களும் அப்படி ஒன்றைக் கட்டாயமாக்கவில்லை. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரங்களின் சமாதி பாதத்தில், இன்புற்றிருப்பவரிடம் நட்பு, துன்புறுபவரிடம் கருணை, நல்லோரிடம் மகிழ்ச்சி, தீயோரிடம் விருப்பு வெறுப்பற்ற விலகல் என நான்கு மனநிலைகளை வகுத்துக் காட்டுகிறார். சமநோக்கு என்பது எல்லோரிடமும் ஒரே விதமாக நடந்துகொள்வதன்று என்பது இதனால் விளங்கும். ஆனால் இந்நான்கில் எதிலும் பிறரை நோகச் செய்வதற்கு இடமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

குழந்தை தனக்குப் பிடித்த மூவரை அழைத்து மகிழ்வதில் குற்றம் எதுவும் இல்லை. அந்தத் தேர்வு எங்கே, எப்படி வெளிப்படுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நம் பள்ளிகளில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. பிறந்தநாள் கொண்டாடும் குழந்தை அன்று சீருடைக்குப் பதிலாகப் புத்தாடை அணிந்து வருகிறது. வகுப்பு முழுவதும் வாழ்த்துப் பாடுகிறது. குழந்தை மிட்டாய்ப் பெட்டியை ஏந்தி வரிசை வரிசையாகச் செல்கிறது. முதல் மதிப்பெண் வாங்குபவனுக்கும் கடைசி இருக்கையில் இருப்பவனுக்கும் ஒரே மிட்டாய்தான். கோயிலில் பிரசாதம் வழங்குவதற்கு ஒப்பான செயல் இது.

அதே கைகள் அடுத்த நிமிடம் பையிலிருந்து 12 வண்ண அட்டைகளை எடுக்கின்றன. வரிசைகளில் சில இடங்களில் நின்று, சில இடங்களைத் தாண்டிச் செல்கின்றன. சற்று முன் பிரசாதமாக இருந்தது, இப்போது தரம் பிரிக்கும் சல்லடையாகிவிடுகிறது. அட்டை பெறாத 27 குழந்தைகள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு எண்ணத் தெரியும். தன் இருக்கை தாண்டப்பட்டதும் தெரியும். இல்லத்தில் செலுத்த வேண்டிய உரிமையை எல்லோருக்கும் பொதுவான வகுப்பறையில் செலுத்தியதே இங்கு நேர்ந்த பிழை. இன்று வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் சிலருக்கு மட்டும் அழைப்பு விடுப்பதும், விருந்தின் புகைப்படங்களை அங்கேயே பகிர்வதும் இதே பிழையின் வேறு வடிவங்கள்.

இக்காலத்தில் இதற்கு மற்றொரு பொருளும் சேர்ந்துள்ளது. குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலாக, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு அளிக்க வேண்டும் என்று அது விதித்தது. உச்ச நீதிமன்றம் 2012-இல் இதனை உறுதி செய்தது. துணி தேய்ப்பவரின் மகளும் அந்தத் துணிகளை உடுத்துபவரின் மகளும் ஒரே இருக்கையில் அமர்வதற்கு இதுவே வழி செய்தது. சட்டம் அவ்விருவரையும் அருகருகே அமர்த்த முடியும். ஒருத்தியை மற்றொருத்தியின் வீட்டுக்கு அழைத்துவரச் சட்டத்தால் இயலாது. அது மனிதர் செய்ய வேண்டிய வேலை.

இரு வகுப்புத் தோழர்கள்

ஒன்றாகப் படித்தவர்களின் நட்பைப் பற்றி நம் இதிகாச புராணங்கள் இரு கதைகளைச் சொல்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

பரத்வாஜ முனிவரின் ஆசிரமத்தில் அவருடைய மகன் துரோணரும் பாஞ்சால இளவரசன் துருபதனும் ஒன்றாகப் படித்தார்கள், ஒன்றாக விளையாடினார்கள். பின்னாளில் துருபதன் அரசனானான். வறுமையுற்ற துரோணர் பழைய நட்பை நினைத்து அவனிடம் சென்றார். நட்பு சமமானவர்களுக்கு இடையில்தான் நிலைக்கும் என்று கூறி மன்னன் அவரை அவமதித்தான். அந்த ஒரு சொல்லின் விளைவு நீண்டது. துரோணர் குரு வம்சத்து இளவரசர்களுக்கு வில்வித்தை கற்பித்து, குருதட்சிணையாகத் துருபதனைச் சிறைபிடிக்கச் செய்தார். அவனது அரசில் பாதியை எடுத்துக்கொண்டார். துருபதன் பழிவாங்குவதற்காகவே வேள்வி செய்து திருஷ்டத்யும்னனை மகனாகப் பெற்றான். குருக்ஷேத்திரத்தில் துரோணரின் தலையை வீழ்த்தியவன் அவனே.

மற்றொன்று, சாந்தீபனி முனிவரிடம் ஒன்றாகப் பயின்ற கண்ணனும் குசேலரும் பற்றியது. பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம் இதனை விவரிக்கிறது. கந்தையில் முடிந்த அவலோடு குசேலர் துவாரகைக்கு வந்தார். அரண்மனையின் செல்வத்தைக் கண்டதும் அந்த அவலைக் கொடுக்க நாணி மறைத்துக்கொண்டார். கண்ணன் அவரது பாதங்களைக் கழுவி, தன் இருக்கையில் அமர்த்தி, குருகுல நாட்களைப் பேசி மகிழ்ந்தான். பிறகு, எனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டு, மறைத்த முடிச்சைத் தானே பற்றி எடுத்து அவலை உண்டான்.

தில்லித் தாயின் மனத்தில் இருந்த எண்ணத்துக்கு இக்கதையில் விடை இருக்கிறது. “அந்தப் பெண் வந்தால் அவளுக்குத்தான் கூச்சம். நல்ல உடை இருக்காது. பரிசு வாங்க அவள் தந்தையிடம் பணம் இருக்காது. அழைக்காமல் விடுவதே அவளுக்குச் செய்யும் இரக்கம்” என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். இது கருணையின் உடை தரித்த எண்ணம். உள்ளே இருப்பது, மற்ற பன்னிரண்டு பெற்றோரின் முன் தமக்கு நேரக்கூடிய கூச்சம். கூச்சப்படுவார் என்று குசேலரைக் கண்ணன் வாயிலிலேயே திருப்பி அனுப்பவில்லை. வந்தவருக்குக் கூச்சம் நேராதபடி செய்வது விருந்து படைப்பவரின் வேலை என்பதை அவன் நடந்து காட்டினான்.

கொடுப்பதன் மூன்று நிலைகள்

“40 குழந்தைகளை அழைக்க யாரால் முடியும்?” என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஏன் முடியவில்லை என்பதையும் உடன் கேட்க வேண்டும். தனி அரங்கு, தலைக்கு இவ்வளவு என்று விலை பேசிய உணவு, வேடிக்கை காட்டுபவர், வண்ண வண்ண அலங்காரம், வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ என்று விருந்து வளர வளர, அதில் இடம்பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைகிறது. கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் தமது ‘நிக்கோமாக்கியன் எதிக்ஸ்’ நூலின் நான்காம் பகுதியில், நண்பர் குழுவுக்கு அளிக்கும் எளிய விருந்தைத் திருமண விருந்தைப் போல நடத்துபவனைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவனது செலவின் நோக்கம் நன்மையன்று, தன் செல்வத்தைக் காட்டுவதே என்பது அவர் கருத்து. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மனிதன் மாறவில்லை.

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதாமல், கடமை என்று கருதித் தகுந்த இடத்தில் கொடுப்பது சாத்விகம். திரும்ப வரும் என்று எதிர்பார்த்தோ மனமின்றியோ கொடுப்பது ராஜசம். தகாத இடத்திலும் காலத்திலும் கொடுப்பதும், மதிப்பின்றி இகழ்ச்சியோடு கொடுப்பதும் தாமசம். இந்த உரைகல்லில் பிறந்தநாள் அழைப்பை உரசிப் பார்க்கலாம். “அவர்கள் நம் குழந்தையை அழைத்தார்கள், ஆகவே நாமும் அழைக்க வேண்டும், அவர்கள் கொடுத்த பரிசின் மதிப்பு இவ்வளவு, நாம் தருவதும் குறையக் கூடாது” என்று கணக்குப் பார்த்து நடத்தும் விருந்து ராஜசம். ஏழைக் குழந்தையையும் அழைத்துவிட்டு, அவளை ஓர் ஓரத்தில் அமர்த்தி, “பாவம், இவளையும் அழைத்தோம்” என்று பிறரிடம் சொல்லும் விருந்து தாமசம். அழைக்காமல் விடுவதைக் காட்டிலும் அது கொடியது. எனவே பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. எந்த மனத்தோடு சேர்க்கிறோம் என்பதே முக்கியம்.

இரண்டு நேர்மையான வழிகள்

இந்தச் சிக்கலுக்கு நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, எல்லோரையும் அழைத்து, எல்லோருக்கும் இயலும் அளவுக்கு விருந்தை எளிமையாக்குவது. மற்றொன்று, வசதியோ இடமோ இல்லையெனில், நெருங்கிய மூன்று நான்கு குழந்தைகளை மட்டும் அவர்கள் பெற்றோர் மூலம் தனியே அழைத்து, வகுப்பறையில் அதைப் பற்றிப் பேச்சு எழாதபடி அடக்கமாக நடத்துவது. இரண்டாவது வழி முதலாவதைவிடத் தாழ்ந்ததன்று. வகுப்பறையில் மிட்டாய் எல்லோருக்கும். வீட்டில் பாயசம் சிலருக்கு. இதில் யாருக்கும் காயம் இல்லை. வகுப்பில் பெரும்பகுதியினரை அழைத்து ஓரிருவரை மட்டும் விட்டுவிடுவதே மிகவும் துன்பம் தருவது. அங்கே விடுபடுவது எண்ணிக்கையன்று, முகம்.

“உலகம் எல்லாவற்றையும் எல்லோருக்கும் தருவதில்லை. ஏமாற்றத்தைக் குழந்தை இப்போதே பழகிக்கொள்ளட்டும்” என்று சிலர் வாதிடுவர். உலகம் ஏமாற்றத்தைக் கற்பிக்கும் என்பது உண்மையே. அதற்கு ஆசிரியர்கள் ஏராளம். அந்தப் பாடத்தைத் தன் தோழிக்குக் கற்பிக்கும் கருவியாக ஓர் ஆறு வயதுக் குழந்தையின் கையைப் பயன்படுத்த வேண்டிய அவசியம் என்ன? மேலும், அங்கே இரு குழந்தைகள் பாடம் கற்கிறார்கள். தாண்டப்பட்டவள் ஏமாற்றத்தைக் கற்கிறாள். தாண்டிச் சென்றவள், தாண்டிச் செல்லலாம் என்பதைக் கற்கிறாள். முதலாவது காயம் ஆறக்கூடும். இரண்டாவது பழக்கமாகிவிடும்.

தன் குழந்தையை அடித்துத் துன்புறுத்தும் மாணவனையும் அழைக்க வேண்டுமா என்று கேட்டால், அங்கே குழந்தையின் அச்சத்தை மதிக்க வேண்டும். பெற்றோர் முதலில் ஆசிரியையிடம் பேச வேண்டும். ஆனால் அது அச்சத்தால் எழும் விலகல்; அந்தஸ்தால் எழும் விலகலுக்கு அதைச் சாக்காகக் கொள்ளக் கூடாது.

காமார்புகூர்ச் சிறுவன்

தன்னை மையமாகக் கொண்ட ஒரு சடங்கில் யாருக்கு இடம் என்ற கேள்வியை ஏறத்தாழ ஒன்பது வயதில் எதிர்கொண்ட ஒரு சிறுவனின் வரலாற்றைப் பக்தர்கள் அறிவார்கள். 1836-இல் காமார்புகூரில் பிறந்த கதாதரன், பிற்காலத்தில் ஸ்ரீராமகிருஷ்ணராக உலகம் வணங்கியவர். அவர் பிறந்தபோது அருகிருந்து உதவியவர் தனி என்னும் பெயருடைய கொல்லர் குலப் பெண்மணி. உபநயனத்தின்போது முதல் பிட்சையைத் தம்மிடம் பெற வேண்டும் என்பது அவரது ஆசை. சிறுவன் இசைந்து வாக்களித்திருந்தான். சடங்கு நாள் நெருங்கியதும், குல வழக்கத்துக்கு மாறானது என்று தமையன் ராம்குமார் மறுத்தார். சிறுவன் தன் வாக்கிலிருந்து அசையவில்லை. இறுதியில் பெரியவர்களே இணங்கினார்கள். முதல் பிட்சை தனியின் கையிலிருந்தே வந்தது.

பாகுபாடு குழந்தைக்குப் பிறவியில் வருவதன்று. பெரியவர்கள் கற்றுக்கொடுத்து வருவது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அது மட்டுமன்று. குழந்தை தன் இயல்பான அன்பில் உறுதியாக நின்றால், பெரியவர்கள் கற்றுக்கொள்ளவும் கூடும்.

தில்லித் தாய் அன்றிரவு தம் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அவர் அரங்கு ஏற்பாட்டை விட்டுவிடுகிறார். குடியிருப்பின் பூங்காவில் மாலை இரண்டு மணி நேரம், பூரி, கொண்டைக்கடலை மசாலா, ரவை அல்வா, சில விளையாட்டுகள். பரிசுகள் வேண்டாம், குழந்தைகள் வந்தால் போதும் என்று 40 வீடுகளுக்கும் ஒரே செய்தி. வேப்பமரத்தடிக்கு மட்டும் அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாமே நடந்து செல்கிறார். அங்கே ஒரு செய்தி மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிகிறது.

அந்தத் தந்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்கிறார். ஞாயிறு மாலை வீடுவீடாகத் துணி கொடுக்க வேண்டியிருக்கும், ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஏழு மணிக்கு வந்து அழைத்துக்கொள்ளலாமா என்று விசாரிக்கிறார். வேறு எந்தத் தடையும் அவருக்கு இல்லை.

வர முடியாது என்ற தடை அந்த வீட்டில் ஒருபோதும் இருந்ததில்லை. அது இருந்தது பட்டியல் எழுதிய கையில். பிறந்தநாளில் குழந்தைக்கு நீண்ட ஆயுளை வேண்டுகிறோம். நல்ல மனத்தையும் வேண்டுகிறோம். ஆயுள் இறைவன் கையில் இருக்கிறது. நல்ல மனத்தைக் குழந்தை ஏற்கெனவே கொண்டுவந்திருக்கிறது. நாற்பது பெயர்களையும் வரிசையாகச் சொன்னபோதே அது தெரிந்தது. அதில் எந்தப் பெயரையும் அடிக்காமல் காப்பதே பெற்றோர் அக்குழந்தைக்குத் தரக்கூடிய சிறந்த பிறந்தநாள் பரிசு.