காய்ச்சல் எத்தனை மணிக்கு விட்டது?



கானாவூரில் நின்ற ஆண்டவரைத் தேடி, கப்பர்நாகூமில் மகனைச் சாகக் கிடக்க விட்டு, அரச அலுவலர் ஒருவர் வந்தார். மகன் பிழைப்பான் என்று ஆண்டவர் சொன்ன வார்த்தையை நம்பித் திரும்பிப் போனார். வழியிலே வேலைக்காரர் எதிர்ப்பட்டு, பிள்ளை சுகம் என்றார்கள். அந்தத் தகப்பன் உடனே கேட்ட கேள்வியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. எந்த மணிக்குச் சுகம் கண்டது என்று கேட்டார். நேற்று ஏழாம் மணிக்குக் காய்ச்சல் விட்டது என்றார்கள் (அருளப்பர் 4: 46—53). எங்கள் கணக்கில் அது பிற்பகல் ஒரு மணி. விசுவாசமுள்ள மனிதர்தான், ஆனாலும் நேரம் கேட்டார். வீட்டில் இருந்தவர்களும் நேரத்தைக் கவனித்து வைத்திருந்தார்கள்.

எங்கள் வீடுகளிலே அந்த நேரத்தைக் கவனிப்பவர் யார்?

இதைக் கேட்கும் நான் முதலில் என் பிழையைச் சொல்ல வேண்டும். 2017-ம் ஆண்டு இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அந்த ஆண்டில்தான் ஒரு வீட்டுக்குச் செபிக்கக் கூப்பிட்டார்கள். நாலு வயதுப் பையன், மூன்று நாளாய்க் காய்ச்சல். நான் போனது நாலாம் நாள் காலை. நெற்றியில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. "காய்ச்சல் விட்டிட்டுது, ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று சொல்லி ஆசீர்வதித்தேன். தாய் அழுதபடி சிலுவை அடையாளம் போட்டார். கதவடியில் நின்ற அம்மம்மா மட்டும் அசையவில்லை. "சுவாமி, நெத்தி குளிர்ந்தது சரி. கால் ஏன் இப்பிடிச் சில்லெண்டு கிடக்கு? இரவு தொடக்கம் பிள்ளை சலமும் போகேல்லை" என்றார். அவர் கையில் ஒரு கலண்டர்த் தாள். அதன் பின்பக்கத்தில் எத்தனை மணிக்கு எத்தனை பாகை, எப்போது மருந்து, எப்போது சலம் என்று பென்சிலால் எழுதியிருந்தது. அந்த நேரமே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் முதலில் வாங்கிப் படித்தது அந்தத் தாளைத்தான். டெங்கு. காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் சில பிள்ளைகளுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலமே ஆபத்தான காலம். பிள்ளை தப்பினான். என் கையின் சாட்சியை நம்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைப்பேன்.

கையை நான் குறை சொல்லவில்லை. இராயப்பரின் மாமியாரை ஆண்டவர் கையால் பிடித்தே எழுப்பினார் (மாற்கு 1: 31). தொட்டுப் பார்ப்பது அன்பின் வேலை. காய்ச்சல் இல்லை என்று தாயின் கை சொன்னால் பெரும்பாலும் சரி. உண்டு என்று சொன்னால் அடிக்கடி பிழைக்கும். கிணற்றடியில் நின்று வந்த ஈரக் கைக்கு எந்தப் பிள்ளையும் சுடும். அடுப்படியிலிருந்து வந்த கைக்குச் சுடுகிற பிள்ளையும் குளிரும். அதே மாமியாரின் கதையை மத்தேயுவும் மாற்கும் சொல்லும்போது வெறுமனே காய்ச்சல் என்கிறார்கள். மருத்துவர் என்று அழைக்கப்பட்ட லூக்கா மட்டுமே கடும் காய்ச்சல் என்று அளவு சொல்கிறார் (4: 38). மருத்துவனின் கண் அது.

ஆகையால் ஒரு தெர்மோமீற்றர் வீட்டில் இருக்கட்டும். பழைய கண்ணாடிக் குழாய் உடைந்தால் உள்ளிருக்கும் பாதரசம் நஞ்சு. இப்போது இலக்கத்தில் காட்டும் கருவி பார்மசியில் கிடைக்கிறது. பிள்ளை வெயிலில் ஓடி வந்திருந்தால், குளித்திருந்தால், போர்த்திக் கிடந்தால் கால் மணித்தியாலம் பொறுங்கள். கமக்கட்டின் ஈரத்தைத் துடைத்து, நுனி தோலில் படும்படி வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். சத்தம் வந்தபின் பாருங்கள். கமக்கட்டில் 99.5 பாகை பரனைட், அதாவது 37.5 செல்சியஸ், அதற்கு மேல் காய்ச்சல். பார்த்ததை நேரத்தோடு எழுதுங்கள். மனதில் வைத்திருக்கிறேன் என்று சொல்லும் தாய்மாரே, இரண்டு இரவு நித்திரை முழித்தபின் மனதில் ஒன்றும் நிற்காது!

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மல்லித் தண்ணியும் வேண்டாம், அயலாரின் யோசனையும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. பெரிய பிள்ளைகளுக்குப் பரசிற்றமோல் வயதைப் பார்த்தல்ல, நிறையைப் பார்த்து: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை. அஸ்பிரின், இபுபுரோபன், மலவாசலில் வைக்கும் டைகுளோபினாக் ஆகியவற்றை டொக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். டெங்கானால் இரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டு நாள் கடந்தும் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். வயிற்றுநோ, விடாத சத்தி, இரத்தக் கசிவு, சில்லிட்ட கைகால், ஆறு மணித்தியாலமாய்ச் சலம் இல்லாமை, சோர்ந்து கிடத்தல், இவற்றில் ஒன்று கண்டாலும் தெர்மோமீற்றர் 98 காட்டினாலும் சரி, போங்கள். வன்னியையும் மன்னாரையும் வாட்டிய மலேரியா ஒழிந்ததென்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. டெங்கு ஒழியவில்லை.

நேர்த்தி வைத்தோம், மடு மாதாவுக்குச் சொல்லிவிட்டோம், இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். நேர்த்தி வையுங்கள், நானும் உங்களோடு செபிப்பேன். ஆனால் சீராக் ஆகமம் 38-ம் அதிகாரத்தை ஒரு முறை வாசியுங்கள். நோயாளி செபிக்கவும் வேண்டும், மருத்துவனுக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறது. அவனையும் ஆண்டவரே படைத்தார் என்பதே காரணம். ஒரு நாள் பொறுப்பது விசுவாசமல்ல. சில வேளை அது ஆஸ்பத்திரிப் பயம், சில வேளை ஓட்டோக் காசு. காசுதான் தடையென்றால் நடுச்சாமமானாலும் அறைவீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இன்னும் ஒன்று. இராயப்பரின் மாமியார் காய்ச்சல் விட்டவுடன் எழுந்து விருந்தாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அது ஆண்டவரே கைபிடித்து எழுப்பியவருக்கு. எங்கள் பிள்ளைகளை, புலமைப்பரிசில் சோதனை கிட்டுகிறது என்று சொல்லி, அடுத்த நாளே ரியூசனுக்கு அனுப்பாதீர்கள்.