பொம்மி எடுத்துவைத்த அடி

ஆனி பௌர்ணமிக்கு மறுநாள் விடியல். காரைக்கால் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. காலடியில் அலை ஒரு கிளிஞ்சலைப் போட்டுவிட்டுத் திரும்புகிறது. ஈரத்தில் ஊதாக் கோடுகள் ஒவ்வொன்றாய்த் தெரிகின்றன. துண்டால் துடைத்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கோடுகள் மங்கி, வெறும் சுண்ணாம்பு நிறமாகிவிட்டது.

பையில் நேற்று மாங்கனித் திருவிழாவில் கைக்கு வந்த பழம் ஒன்று இருக்கிறது. மாடிகளிலிருந்து வீசினார்கள்; பெண்கள் முந்தானை ஏந்தி நின்றார்கள். பின்னாளில் காரைக்கால் அம்மையாரான புனிதவதிக்கும் அவள் கணவன் பரமதத்தனுக்கும் இந்த ஊர் ஆண்டுதோறும் கல்யாணம் செய்துவைக்கிறது.

*

எல்லோருக்கும் சம்மதமான கல்யாணம் அது. பெண் காரைக்கால் தனதத்தன் மகள், மாப்பிள்ளை நாகப்பட்டினத்து நிதிபதி மகன். வணிகம், குலம், செல்வம் எல்லாம் சரிக்குச் சரி. இரண்டு வீட்டாரும் பேசி முடித்தது. ஒரே மகள் என்று தகப்பன் காரைக்காலிலேயே வீடு கட்டிக் கொடுத்தான். இத்தனையும் பொருந்தியவன், தன் மனைவி கையில் ஒரு மாம்பழம் அருளால் வந்ததைப் பார்த்துப் பயந்தான். மரக்கலம் ஏறிப் போனவன் பாண்டி நாட்டில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பொருத்தங்களில் எதுவும் அவனைப் பக்கத்தில் நிறுத்திவைக்கவில்லை.

அந்தக் கதை எனக்கு எப்போதும் இன்னொரு பெண்ணை நினைவுபடுத்தும். யாருமே பொருத்தம் பார்க்காத பெண். பொம்மி.

*

மதுரை வீரனைத் தெரியாத தமிழர் குறைவு. பொம்மியைத் தெரிந்தவர்களும் அவளை அவன் பக்கத்தில் நிற்கும் பெண்ணாகத்தான் அறிவார்கள். பாளையக்காரர் பொம்மண்ண நாயக்கர் மகள். பெரியவளானதும் ஊருக்கு வெளியே, ஆற்றோரம் தனிக்குடிசையில் வைத்தார்கள். காவலுக்கு அருந்ததியர் குலத்துச் சின்னான். ஒரு மழை இரவில் தகப்பனுக்குப் பதிலாக மகன் வீரன் வந்து நின்றான்.

அந்த இரவைப் பற்றி எத்தனையோ பாட்டு, கூத்து. எல்லாம் அவன் அழகையும் தைரியத்தையும் சொல்கின்றன. நான் அவள் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். வெளியே மழை. உள்ளே ஓர் அகல் விளக்கு. அந்தக் குடிசையைச் சில நாளில் கொளுத்திவிடுவார்கள்; அவள் மஞ்சள் நீராடி, பல்லக்கில் அரண்மனைக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவளுக்கென்று பட்டு, நகை, தோழிகள், இனி வரப்போகும் ஒரு ஜமீன் மாப்பிள்ளை. வாசலில் நிற்பவனிடம் ஒரு கம்பும் நனைந்த கம்பளியும். வாசற்படியைத் தாண்டி அவள் எடுத்துவைத்தது ஓரடி. அதற்கப்புறம் திரும்பிப் போக அவளுக்கு வீடு கிடையாது.

வீரனுக்கு இழக்க என்ன இருந்தது? உயிர் ஒன்றுதான். அதையும் துச்சமாக நினைக்கப் பழகியவன். அவளுக்கோ எல்லாமே இருந்தது. அதனால்தான் இந்தக் கதையில் பெரிய வீரம் அவளுடையது என்று நினைக்கிறேன்.

*

பொம்மண்ணன் படையோடு துரத்தி வருகிறான். சண்டையில் வீரன் கையால் சாகிறான். கதைப்பாடல் அதை வெற்றியாகப் பாடிவிட்டு மேலே போகிறது. பொம்மி அன்றிரவு சாப்பிட்டாளா? தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனுக்கு அழ அவளுக்கு இடம் கிடைத்ததா? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் குறிப்பேட்டை மூடிவிட்டுக் கடலைப் பார்க்கிறேன்.

*

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. வீரன் சின்னானும் செல்லியும் எடுத்து வளர்த்த பிள்ளைதானாம். பிறப்பால் காசிராஜன் மகனாம். மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவனாம். 1956-இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘மதுரை வீரன்’ படத்திலும் அவன் அரசன் பிள்ளைதான். முத்துப்பட்டன் கதையில் இதுவே தலைகீழாய் வரும். அந்தணனான பட்டன் விரும்பிய பொம்மக்காவும் திம்மக்காவும் ஒடுக்கப்பட்ட குலத்து வாலப்பகடை பெற்ற பெண்கள் அல்ல, கண்டெடுத்த அந்தணக் குழந்தைகள் என்று ஆகியிருக்கும். இத்தகைய பிறப்புக் கதைகள் பின்னால் செருகப்பட்டவை என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை எழுதினார்.

செருகியவர்களுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பெரிய இடத்துப் பெண் ஏழையை, அதிலும் தோல் தைப்பவர் வீட்டுப் பிள்ளையைத் தானாக விரும்பினாள் என்பதை அப்படியே விட அவர்களால் முடியவில்லை. அதனால் அவனை ராஜாவாக்கினார்கள். வீரனுக்கு அது பெருமை என்று நினைத்திருக்கலாம். பொம்மியிடமிருந்து அது பிடுங்கிக்கொண்டது அவள் முடிவை. ராஜகுமாரி ராஜகுமாரனைக் கட்டிக்கொண்டதில் என்ன இருக்கிறது?

வாழ்க்கையில் காசிராஜன் வந்து சேர்வதில்லை. பிரபுக் குடும்பத்தில் 1814-இல் பிறந்த ஜென்னி, வீட்டார் முணுமுணுப்பை மீறி ஏழாண்டு காத்திருந்து 1843-இல் கார்ல் மார்க்ஸை மணந்தாள். லண்டனில் 1852-இல் கைக்குழந்தை பிரான்சிஸ்கா இறந்தபோது சவப்பெட்டிக்குக் கடன் வாங்கினாள். மார்க்ஸின் கோழிக்கிறுக்கல் கையெழுத்தைப் படித்து அச்சுக்குப் பிரதியெடுத்ததும் அவள்தான். அவன் ஏழையென்று தெரிந்தேதான் வந்தாள்.

*

வெயில் ஏறிவிட்டது. அன்னக்கூடையோடு பெண்கள் கரைக்கு வருகிறார்கள். பக்கத்தில் வந்து நின்ற பெரியம்மா, “என்ன தம்பி, காலைலேயே எழுதுறீங்க?” என்றார். பொம்மி கதை என்றேன். “பாவம், அப்பன் வீட்டுச் சோறும் போச்சு, கடைசில அவனோட தீக்குள்ளயும் எறங்குனா” என்று சொல்லிவிட்டுப் படகைப் பார்த்து நடந்தார்.

அந்தத் தீ கதையோடு அணைந்துவிடவில்லை. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் ஊராட்சித் தலைவர் மகள் கண்ணகி, பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசனை 2003 மே 5-இல் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஜூலை 8-இல் இருவருக்கும் நஞ்சைப் புகட்டிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு 2021-இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 2025-இல் உறுதி செய்தது. தண்டிக்கப்பட்டவர்களில் அவள் தகப்பனும் உடன்பிறந்தவனும் உண்டு.

வீரன் கோயில் பக்கம் போனால், குதிரையையும் அரிவாளையும் பார்த்த பிறகு, பக்கத்தில் நிற்கும் பொம்மியையும் கொஞ்சம் நின்று பாருங்கள். கூட வரும் பிள்ளைகள் கேட்டால், அந்த மழை இரவில் அவளுக்கு அவன் சின்னான் மகனாகத்தான் தெரிந்தான் என்று சொல்லுங்கள்.