தண்ணீரில் எரியும் விளக்கும் மலைக்குப் பட்ட கடனும்

முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலுக்கு முன், கடலில் தீர்த்தம் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுபோவார்கள். அந்த உப்புநீரை விட்டு அங்கே விளக்கேற்றுவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். தண்ணீரில் விளக்கெரிவது அம்மனின் அருள் என்பது வன்னி அடியார்களின் நம்பிக்கை. அருளுக்குக் கைமாறாக அவர்கள் நேர்த்தி வைக்கிறார்கள், பொங்குகிறார்கள், கால்நடையாக வருகிறார்கள்.

வன்னி வீடுகளின் மின்குமிழ்களும் பெருமளவுக்குத் தண்ணீரில்தான் எரிகின்றன. நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் இலங்கையின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மலையக ஆறுகளும் மகாவலி அணைகளும் தருகின்றன. அந்த ஒளிக்காக வன்னி யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறது? பொறியியல் நூல்களில் இதற்கு விடை இல்லை. இது அறத்தின் கேள்வி.

ஒளி இல்லாமல் வாழ்வது எப்படி என்று வன்னிக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேசிய மின்கட்டமைப்புக்கு வெளியே கிடந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அருமை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். போருக்குப் பிறகு ஜப்பானின் கடனுதவியில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை 132 கிலோவோல்ட் மின்வழி போடப்பட்டபோது, ஊருக்குக் கரண்ட் வந்தது.

அதே காலத்தில், ஜப்பானின் இன்னொரு கடனில், மலையகத்துத் தலவாக்கலையில் 150 மெகாவாட் வலுவுள்ள ‘மேல் கொத்மலை’ நீர்மின் திட்டம் எழுந்தது. 2012இல் அது இயங்கத் தொடங்கியது. அதற்காகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்தன. சென் கிளேயர் அருவி தன் பழைய பெருக்கை இழந்தது. மலையகத் தலைவர்கள் இத்திட்டத்தை ஆண்டுக்கணக்காக எதிர்த்ததற்கு இந்த இழப்புகளே காரணம். அதற்கும் முன்னர், 1960களின் இறுதியில், மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரையே மூடியது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது அங்கே மூழ்கிய வழிபாட்டிடங்களின் சுவர்கள் இன்றும் வெளியே தெரியும்.

இந்த மலையோடு வன்னிக்கு இரத்த உறவும் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். காந்தியம் அமைப்பு அவர்களில் பலருக்குக் காணி தேடிக் கொடுத்தது. கிளிநொச்சி பாரதிபுரத்திலோ மலையாளபுரத்திலோ ஒரு வீட்டில் சுவிட்சைப் போட்டால், பாட்டன் பாட்டி கொழுந்து பறித்த மலையின் தண்ணீர் அங்கே வெளிச்சமாகிறது.

அணைகளால் மலைக்கு இவ்வளவு இழப்பென்றால், அணைகளே வேண்டாமா? தமிழ்ச் சிந்தனை அப்படிச் சொல்லவில்லை. புறநானூற்றுக் குடபுலவியனார், மண்ணையும் நீரையும் சேர்த்துவைப்பவரே உயிரை உண்டாக்குபவர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை சொன்னார். குளம் கட்டிய மன்னனின் புகழே நிலைக்கும் என்பது அவர் வாதம். திருவானைக்காவில் நீரே இலிங்கமாக வணங்கப்படுகிறது. நீரைத் தேக்குவது புண்ணியம். ஆனால் நீர் எல்லோருக்கும் பொது என்ற உண்மையை, வலுவற்றவரின் காணியைப் பறிக்கும் நியாயமாக வலுவுள்ளவர் ஆக்கிக்கொள்ளும்போது அறம் கெடுகிறது.

இதை வன்னி விவசாயிகள் நன்றாக அறிவார்கள். இரணைமடுக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாத எங்களிடம் கேட்டீர்களா என்று எழுந்து நின்றவர்கள் அவர்கள். முடிவில் யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைந்தது. இரணைமடுவுக்கு நியாயமான கேள்வி தலவாக்கலைக்கும் நியாயம்தான்.

அனல் மின்சாரத்துக்கு எரிபொருள் வாங்க டொலர் வேண்டும். டொலர் இல்லாத 2022 மார்ச் இறுதியில் நாடு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் இருட்டில் இருந்தது. ஆகவே நீர்மின்சாரம் வளரத்தான் வேண்டும். மின்துறையும் மாறத்தான் வேண்டும். 1969இல் பிறந்த இலங்கை மின்சார சபையை, உற்பத்தி, கடத்தல், விநியோகம் எனத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. கணக்கு வெளிப்படையாவது நல்லது. ஆனால் சீர்திருத்தத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாதம் 30 அலகுக்குள் பாவிக்கும் வீடு, ஓர் அலகுக்கு 2 ரூபாய் 50 சதம் கட்டிவந்தது. அது 2022 ஆகஸ்டில் 8 ரூபாயாகவும், 2023 பெப்ரவரியில் 30 ரூபாயாகவும் உயர்ந்தது. கட்டணங்கள் பின்னர் குறைந்தன. ஆனாலும் மிகக் குறைவாகப் பாவித்தவர்மீதே மிகக் கூடிய வீதத்தில் சுமை ஏறியது.

மலைக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் வழியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்தியாவின் 2008 நீர்மின் கொள்கை, அணை அமையும் மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரத்தை இலவசமாகக் கொடுப்பதோடு, திட்டப் பகுதியின் வளர்ச்சிக்கென்று மேலும் ஒரு சதவீதத்தை ஒதுக்கச் சொன்னது. நேபாளம் நீர்மின் உரிமக் கட்டணத்தில் உள்ளூர் அரசுகளுக்குப் பங்கு தருகிறது. இலங்கையின் அணைகளுக்கு அருகில் தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் அறைகளுக்கு இத்தகைய உரிமைப் பங்கு சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

இனி வன்னியும் கொடுக்கும் இடத்துக்கு வரும். பூநகரியின் காற்றின்மீதும் வெயில்மீதும் முதலீட்டாளர்கள் கண் வைத்திருக்கிறார்கள். அங்கே காற்றாலை அமைக்கவிருந்த அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது; ஆனால் காற்று அங்கேயேதான் இருக்கிறது, அடுத்தவர் வருவார். அன்று பூநகரி மக்கள் தங்கள் பங்கைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். வன்னியின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரதேச சபைகளும் கோவில் அறங்காவலர்களும் அதுவரை காத்திருக்க வேண்டாம். மஸ்கெலியாவுக்கும் தலவாக்கலைக்கும் உரிய பங்கை இப்போதே, தங்கள் கோரிக்கையாகவே முன்வைக்கட்டும்.