கரடிச் சட்டை

தன்னிலை மறந்து அடித்து நொறுக்கும் ஒருவனை ஆங்கிலத்தில் 'பெர்சேர்க்' ஆகிவிட்டான் என்பர். அகராதிகள் இப்பெயரடைக்கு 'வெறிகொண்ட' என்று பொருள் தருகின்றன. ஆனால் இதன் பிறப்பிடம் ஆங்கிலமன்று. வட ஐரோப்பாவில் வழங்கிய பழைய நோர்ஸ் மொழி. அங்கு மன்னர்களுக்காகப் போரிட்ட ஒருசார் வீரர்களுக்கு இப்பெயர் இருந்தது. போர்க்களத்தில் அவர்கள் விலங்குபோல் ஊளையிடுவர், தம் கேடயத்தின் விளிம்பையே கடிப்பர் என்று பழங்கதைகள் கூறும்.

பெயரின் பொருள் குறித்து இரு கருத்துகள் உள்ளன. ஒடின் என்னும் தெய்வத்தின் வீரர்கள் கவசமின்றிப் போரிட்டனர் என்று 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டர்லூசன் எழுதினார். அதைக்கொண்டு 'சட்டையற்றவன்' எனச் சிலர் பொருள் கண்டனர். இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பது 'கரடிச் சட்டை' என்பதையே. கரடித்தோலைப் போர்த்தவனுக்குள் கரடியின் மூர்க்கம் புகுந்துவிடும் என்பது நம்பிக்கை. 1820களின் தொடக்கத்தில் சேர் வோல்டர் ஸ்கொட் எழுதிய நாவலொன்றின் வழியாகச் சொல் ஆங்கிலத்துள் நுழைந்தது.

வெறிக்குக் காரணம் தேடியோரும் உளர். சுவீடனின் சாமுவேல் ஓட்மன் 1784இல் ஒருவகை நச்சுக் காளானைக் காரணம் காட்டினார். அது நிறுவப்படவில்லை. கரடியானாலும் காளானானாலும் சொல்லவருவது ஒன்றுதான்: செய்தவன் அவனல்லன், அவனுள் புகுந்த வேறொன்று.

நமது சொல்லும் இதற்கு விலக்கன்று. சங்க இலக்கியத்தில் வெறியாட்டு என்பது வேலன் முருகேறி ஆடும் சடங்கு. இன்று கடைகளையும் வீடுகளையும் எரித்த கும்பலின் செயலையும் 'வெறியாட்டம்' என்றே எழுதுகிறோம். தீ வைத்த கை யாருடையது என்ற கேள்வி அச்சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

அவ்வாறாயின், வெறியில் செய்ததற்கு மனிதன் பொறுப்பாளியா? கோபத்தில் சொன்ன தலாக்கைப் பற்றி எழுதிய 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் இப்னுல் கையிம், கோபத்தை மூன்று படிகளாக வகுத்தார். தான் சொல்வது இன்னதென அறிந்திருக்கும் கோபம் பொறுப்பை நீக்காது. அறிவு முற்றாக மறைந்த கோபத்தில் சொன்னது செல்லாது. இடைப்பட்ட நிலையே விவாதத்துக்குரியது. கோபம் என்று பெயர் சொன்னதுமே மன்னிப்புக் கிடைத்துவிடுவதில்லை. அளந்து பார்த்தே தீர்ப்பு.

ஐஸ்லாந்தின் பழைய சட்டத்தொகுப்பான 'கிராகாஸ்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. வெறிகொண்டு ஆடியவனுக்கு மூன்றாண்டு நாடுகடத்தல். அவனைப் பிடித்து நிறுத்தாமல் உடனிருந்தோருக்கும் அதே தண்டனை. வெறி முற்றுமுன் ஓர் இடைவெளி உண்டு, அதில் தடுக்க முடியும் என்று அச்சட்டம் நம்பியிருக்கிறது. சினமுற்றவன் நின்றிருந்தால் உட்காரவும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளவும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததும் அந்த இடைவெளியைக் கருதியே எனலாம்.

கரடிச் சட்டையை எவனும் ஒரே நொடியில் அணிந்துவிடுவதில்லை. வதந்தி கேட்டுக் கூடும்போதும், வீட்டில் குரல் உயரும்போதும் அவன் அதை அணிவதைச் சுற்றியிருப்போர் காண்கின்றனர். ஆகவே, 'வெறி' என்று எழுதப் பேனா எடுக்கும் நாம், செய்தவன் யார், பார்த்து நின்றவர்கள் யார் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.