அண்டை வீட்டு மரம்

மரம் ஒருவனுடையது, அதன் நிழல் இருவருக்கும் உரியது, அது சாய்ந்து விழுமாயின் கேடு அடுத்தவனைச் சேருகின்றது. ஆயின், அக்கேட்டைத் தடுக்கும் கடமை யாருடையது? இதற்கு நேரிய விடை காணாமையாலன்றோ, வேலிக்கு இப்புறமும் அப்புறமும் வாழும் நம்மவர் பலர் பகைகொண்டு வக்கீல்களின் வாயிலை நாடுகின்றனர்!

சில காலத்திற்கு முன், நண்பரொருவர் ஆங்கிலத்தில் வந்த வக்கீல் நோட்டீஸ் ஒன்றைப் படித்துப் பொருள் கூறுமாறு நம்மிடம் கொண்டுவந்தார். அவருடைய வேலியோரத்து வேப்பமரம் அடியில் பொந்து விழுந்து, அடுத்த வீட்டுக் கூரைப்பக்கம் சாய்ந்து நிற்கின்றது. அதனை அகற்றாவிடின் வழக்குத் தொடரப்படும் என்பதே அதன் சாரம். “அம்மரத்தில் முனி குடியிருக்கிறது, ஐயா. எப்படி வெட்டுவது? விழுந்தால் விதி” என்றார் நண்பர். “இந்நோட்டீஸைப் படித்த பின் நீர் ஆபத்தை அறிந்தவராகிவிட்டீர், இனி விழுந்தால் விதியன்று, உம் பொறுப்பே” என்றோம். அவர் சிறிது நேரம் வாளா இருந்துவிட்டு, “அப்படியானால் இதைப் படிக்காமலே இருந்திருக்கலாமே!” என்றார்.

இவ்வொரு வார்த்தை நம் சிந்தையைப் பெரிதும் கிளறிற்று. அறியாதிருப்பதால் கடமை நீங்குமோ?

சட்டம் இதற்குக் கூறும் விடையை முதலில் காண்போம். இத்தகைய வழக்குகளில், ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் கொள்கைகளே, 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் வாயிலாக, மலேசிய நீதிமன்றங்களுக்கும் அடிப்படையாக உள்ளன. இங்கிலாந்தில் 1926இல் தீர்ப்பான ஒரு வழக்கில், சாலைக்கு மேல் நீண்டிருந்த கிளையொன்று முறிந்து, கீழே சென்ற மோட்டார் வண்டியின்மேல் விழுந்தது. கிளையிலிருந்த குறை வெளிப்பார்வைக்குப் புலப்படாதது. ஆதலின் மரத்துக்குரியவர் நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று.

மற்றொரு வழக்கு வேறு விதமானது. மேற்கு ஆஸ்திரேலியாவில், 1961 பிப்ரவரியில், ஏறக்குறைய 100 அடி உயரமுள்ள மரமொன்று இடி விழுந்து தீப்பற்றிற்று. நிலத்துக்குரியவர் மரத்தை வெட்டி வீழ்த்தினார். ஆனால் நீரூற்றி அணைக்காமல், தானே எரிந்து அடங்கட்டும் என்று விட்டுவிட்டார். சில நாட்களில் காற்றெழுந்தது. தீ அண்டை நிலங்களுக்குப் பரவிற்று. 1966இல் பிரிவி கவுன்சில் அவரையே பொறுப்பாளியாக்கியது. இடி அவர் செயலன்று. ஆபத்தை அறிந்தும் சும்மா இருந்தது அவர் செயல். விதியென்று பேசுவோர் இதனை ஊன்றிக் கவனிப்பார்களாக.

அறிந்தவன் மட்டுமன்று, அறிந்திருக்க வேண்டியவனும் பொறுப்பாளியே என்பது சட்டம். கண்ணெதிரே பொந்து தெரியும்போது, முனியின் பெயரால் முகத்தைத் திருப்பிக்கொள்வது அறியாமையாகாது, அறிய மறுப்பதேயாகும். முனிக்குப் பொங்கலிட நாள் பார்ப்பவர், மரத்தின் அடியைத் தட்டிப் பார்க்க ஒரு நாழிகை ஒதுக்கலாகாதோ?

இனி அடுத்த வீட்டாரிடம் வருவோம். அவர் ஈராண்டுகளாக அம்மரத்தைக் கண்டு அஞ்சியிருக்கிறார். ஆயினும் வேலியருகில் வந்து ஒரு வார்த்தை கூறினாரில்லை. முதல் வார்த்தையே நோட்டீஸாக வந்தது. தம் நிலத்தின்மேல் நீண்ட கிளையைத் தம் பக்கம் நின்றே வெட்டிக்கொள்ளச் சட்டம் அவருக்கு உரிமை தருகின்றது. எனினும், அறிவிப்பது உரிமைக்கும் முந்திய கடமையன்றோ? அவர் வாய் திறவாதிருந்த ஈராண்டில் மரம் விழுந்து ஒரு குழந்தை மாண்டிருப்பின், அப்பழியில் அவருக்கும் பங்கில்லையென்று எவ்வாறு கூறுவது?

“வெட்டுக்கூலிக்கு ஏழை எங்கே போவான்?” என்பர் சிலர். நியாயமே. நீதிபதிகளும் இதனை எண்ணாமலில்லை. மண்மேடொன்று சரிந்து அண்டை வீடுகளைத் தாக்கிய வழக்கில், 1979இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், உரியவரின் சக்தியையும் கருத வேண்டுமென்றது. சில வேளைகளில், அண்டையார் வந்து வேலை செய்துகொள்ள இடங்கொடுப்பதே போதுமாகலாம் என்றும் கூறிற்று. கூடிச் செய்யுங்கள் என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? ஒன்று மட்டும் நினைவிலிருக்கட்டும்: தீபகற்ப மலேசியாவில் 0.8 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்து விளைக்கும் மரத்துக்கும் விலக்குண்டு.

நண்பர் முடிவில் மரத்தை வெட்டுவித்தார். எந்த முனியும் வரவில்லை. ஆனால் அவ்விரு வீட்டாரும் இன்றளவும் பேசிக்கொள்வதில்லை. மரத்தின் ஆபத்து நீங்கிற்று; நோட்டீஸின் காயம் நிற்கின்றது.

அன்பர்களே! உங்கள் வேலியோரத்து மரத்தை இன்றே சென்று பாருங்கள். அண்டையார் மரம் அச்சந்தருவதாயின், இன்றே சென்று சொல்லுங்கள். கண்டதைச் சொல்வதும், சொன்னதைக் கேட்பதும் நம்மால் ஆகாதெனின், நமக்காக நீதிமன்றம் அதனைச் செய்யும். அதற்குக் கூலியும் அதிகம், காலமும் அதிகம்.